வேருக்கு இடம் வகுக்கும் தெரு

தெருமரம் என்பதற்குத் தெருவில் நிற்கும் மரம் என்று மட்டும் பொருள்கொண்டால் அறிவியலுக்கு அது போதாது. காட்டு மரம் விதை விழுந்த இடத்தில் தன் சருகாலேயே மண்ணை ஆக்கிக்கொண்டு வளர்கிறது. தோட்ட மரம் உழுது பண்படுத்திய மண்ணில் வளர்கிறது. தெருமரமோ, நடைக்கும் ஊர்திக்கும் குழாய்க்கும் கம்பிக்கும் என்று மாந்தர் இறுக்கி அமைத்த ஓரிடத்தில், அவை அனைத்தோடும் இடத்தைப் பங்கிட்டுக்கொண்டு, நடுவோரின் முன்னறிவை நம்பியே வளர்கிறது. எனவே, மாந்தர் வகுத்த மண்ணளவிலும் வகுத்த வான்வெளியிலும் பொதுப்பயன் கருதி வளர்க்கப்படும் மரமே தெருமரம் என வரையறுப்பது தகும்.

இவ்வரையறையில் மண்ணை முன்னும் வானைப் பின்னும் வைத்தது எண்ணிச் செய்ததே. தெருவைக் காண்பவர் கண்ணுக்கு இலையும் கிளையும் தெரிகின்றன. அவற்றைத் தாங்கும் வேர் தெரிவதில்லை. தெருவை வரைபவர் தாளிலும் இதே குறை படிந்துவிட்டது. புதிய மனைப்பிரிவுகளின் வரைபடங்களில் பச்சை வட்டங்கள் வரிசையாகப் போடப்பட்டிருக்கும். ஒவ்வொரு வட்டத்தின் அடியிலும் எவ்வளவு மண் உண்டு என்பதற்கு ஒரு சொல்லும் இராது. மரம் நடுதல் என்பது முதன்மையாக மண் ஒதுக்குதல்; தெரு போட்டபின் செய்யும் ஒப்பனை அன்று, தெரு போடுமுன் முடிக்கவேண்டிய கணக்கு. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சொற்களை வகுத்துக்கொள்வோம். கிளையும் இலையுமாக விரிந்த மேற்பகுதி கவிகை. கவிகை நிலத்தின்மேல் நேர்கீழாக மறைக்கும் பரப்பு கவிகைப் பரப்பு. வேர் பரவி நீரும் வளியும் ஊட்டமும் பெறத்தக்க நிலத்தடி இடம் வேர்வெளி. தெருவின் நீளவாட்டில் மரங்களுக்கென மூடாமல் விடப்பட்ட நிலம் மண்பட்டை. இவையும், ஊர்திவழி, நடைபாதை, வடிகால், விளக்கு, வீட்டு முகப்பு ஆகியனவும் ஒரே குறுக்குவெட்டில் தம்முள் பொருந்தி நிற்கும் ஒழுங்கு தெருவமைப்பு. குறுக்குவெட்டு என்று அழுத்திச் சொல்வதற்குக் கரணியம் உண்டு: மேலிருந்து பார்க்கும் வரைபடம் மரத்தின் இடத்தைக் காட்டும்; பக்கவாட்டில் அறுத்துக் காட்டும் வரைபடமே மரத்தின் வாழ்வைக் காட்டும்.

மரங்களைத் தெருவுக்கு ஏற்ப வகுக்கும்போது, முழு வளர்ச்சியில் கவிகை எய்தும் அகலமே முதல் அளவுகோலாதல் வேண்டும். 12 மீட்டருக்கு மேல் விரிவன பெருமரங்கள்: இலுப்பை, நீர்மருது, தூங்குமூஞ்சி, அரசு. 7 முதல் 12 மீட்டர்வரை விரிவன நடுமரங்கள்: வேம்பு, புங்கு, மகிழம், புன்னை. அதனினும் சுருங்கியன சிறுமரங்கள்: சரக்கொன்றை, ஆத்தி போல்வன. தெருக்களும் அவ்வாறே பெருவழி, இணைப்புத்தெரு, குடியிருப்புத்தெரு என மூன்றாய் அமையும். 30 மீட்டர் அகலப் பெருவழியில் சிறுமரம் நடுவது வானை வீணாக்குவது. 9 மீட்டர்த் தெருவில் ஆலை நடுவது பத்தாண்டுக்குப் பின் வரும் கோடரிக்கு இன்றே நாள் குறிப்பது. ஆலும் அரசும் பூங்காவுக்கும் குளக்கரைக்கும் உரியன. அவற்றின்மேல் உள்ள அன்பினாலேயே அவற்றைக் குறுந்தெருவிலிருந்து விலக்க வேண்டும் என்பேன்.

தெருவையும் மரத்தையும் ஒருங்கே வகைப்படுத்தி ஒரு நகரையே எழுப்பிய முயற்சி நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் எழுந்த சண்டிகரில், நகரமைப்பாளர் இலெ கொர்பூசியே தெருக்களை, நகரோடு நகரை இணைக்கும் நெடுவழியில் தொடங்கிப் பசும்பட்டைகளின் ஊடே செல்லும் நடைபாதையில் முடியும் ஏழு வகையாக வகுத்தார். 800 மீட்டருக்கு 1200 மீட்டர் எனும் அளவுள்ள பிரிவுகளை அத்தெருக்கள் சூழ்ந்தன. ஆட்சிப்பணியாளரும் பயிரியல் அறிஞருமான எம். எசு. இரந்தாவா, எந்தத் தெருவுக்கு எந்த மரம் என்பதைப் பூக்கும் பருவமும் கவிகையின் வடிவும் நோக்கித் தெரிந்தெடுக்கும் பணிக்குத் தலைமையேற்றார். அங்கே மரம் தெருவின் அணிகலனாக வரவில்லை. எந்தத் தெரு எவ்வகையினது என்பதை நடப்பவனுக்கு அறிவிக்கும் அடையாளமாகவே வந்தது. ஒரு தெருவுக்கு ஒரே இனம் எனும் அவர்கால விருப்பத்தில் ஓர் இடர் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம். ஆயினும் வீடுகள் எழுமுன்னரே மரத்துக்கு இடம் வரைந்த அத்துணிவு போற்றத்தக்கது.

இனி நிலத்தின் அடிக்குச் செல்வோம்; இத்துறையின் உள்ளீடு அங்கேதான் உள்ளது. வேர் உயிருள்ள உறுப்பு. அது மூச்சு விடுகிறது. இலை கரிவளியை உள்வாங்கி ஒளிச்சேர்க்கையால் உணவாக்க, அவ்வுணவை எரித்து ஆற்றலாக்க வேருக்கு உயிர்வளி வேண்டும். அவ்வுயிர்வளி மண்ணின் துளைகள் வழியாகவே இறங்கும். நல்ல மண்ணில் ஏறத்தாழப் பாதி இடம் துளையே: பெருந்துளைகளில் வளியும் நுண்துளைகளில் நீரும் தங்கும். ஒரு கன சென்டிமீட்டர் மண்ணின் உலர் எடை 1.3 கிராம் அளவில் இருக்கும்போது இந்நிலை வாய்க்கும். மண்ணைச் செறித்து அதே அளவு மண்ணின் எடையை 1.9 கிராமுக்கு உயர்த்தினால், துளைகளின் பங்கு ஏறக்குறைய 28 விழுக்காடாகக் குறையும். குறைவதும் பெரும்பாலும் பெருந்துளைகளே. அந்நிலையில் வேர்நுனி துளைக்க இயலாத சுவராக மண் மாறிவிடுகிறது. களிமண்ணில் வேரின் தடை இன்னும் முன்பே, 1.4 கிராம் அளவிலேயே தொடங்கிவிடும்.

சாலைப் பொறியாளர் விரும்புவதோ இச்செறிவைத்தான். ஊர்தியின் எடையைத் தாங்க நிலம் இறுக வேண்டும். உருளையால் மீண்டும் மீண்டும் உருட்டி அவர் துளைகளை விரட்டுகிறார். அவருடைய அறிவியலில் குறை ஏதுமில்லை. வேருக்கும் சாலைக்கும் ஒரே நிலத்தை உரிமையாக்கியதே குறை. நடைபாதைகளை வேர் தூக்கி உடைக்கிறது என்று மரத்தின்மேல் சுமத்தப்படும் பழியும் இதன் விளைவே. இறுகிய மண்ணுக்கும் மேல்மூடிய கல்லுக்கும் இடையே மெல்லிய இடைவெளி ஒன்று உண்டு. ஈரமும் வளியும் எஞ்சியிருப்பது அங்கு மட்டுமே. வேர் அவ்வழியே ஓடிப் பின்னர்த் தடிக்கிறது, கல் எழும்புகிறது. ஆழத்தில் இடம் கிடைத்த வேர் மேலே வருவதில்லை. குழாயை வேர் உடைக்கிறது என்பதும் இவ்வாறே. நன்கு பொருத்திய குழாயை வேர் துளைப்பதில்லை. கசியும் மூட்டைத் தேடி நுழைகிறது.

அப்படியாயின் ஒரு மரத்துக்கு எவ்வளவு வேர்வெளி வேண்டும்? கவிகைப் பரப்பில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறத்தாழ 0.6 கன மீட்டர் மண் என்பது மரவியலார் பரவலாகக் கையாளும் கணக்கு. குளிர்நாடுகளில் தோன்றிய கணக்கு ஆதலின், நம் வெயிலுக்கு இதனைக் குறைந்த எல்லையாகவே கொள்ள வேண்டும். 10 மீட்டர் அகலக் கவிகையின் பரப்பு ஏறக்குறைய 78 சதுர மீட்டர்; அதற்கு வேண்டும் மண் 47 கன மீட்டர். நாம் வழக்கமாகத் தோண்டும் குழி, நல்லோர் தோண்டினாலும், ஒரு கன மீட்டர். அம்மண் மட்டுமே கிடைக்குமாயின் அது தாங்கவல்ல கவிகை ஒன்றரை மீட்டர் அகலம், அதாவது ஒரு பெருங்குடை. நம் பழைய தெருக்களில் சிறு குழியிலிருந்து பெருமரங்கள் எழுந்துள்ளனவே என்று கேட்பவர்க்கு விடை, அத்தெருக்களின் ஓரம் அன்று மூடப்படாமல் இருந்தது என்பதே. குழி சிறிதாயினும் வேர்வெளி பெரிதாயிருந்தது. இன்று சுவர் முதல் சுவர்வரை தாரும் கற்காரையும் மூடிய தெருவில் குழியே வேர்வெளி ஆகிவிடுகிறது.

47 கன மீட்டர் என்றவுடன் மனை விற்போர் மலைப்பர். ஆனால் கணக்கை முடித்துப் பார்த்தால் மலைப்பு நீங்கும். வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணின் ஒரு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே பரவும். மரத்துக்கு மரம் 10 மீட்டர் இடைவெளியும், 2 மீட்டர் அகல மண்பட்டையும் வைத்தால் ஒரு மரத்துக்கு 20 கன மீட்டர் கிடைக்கிறது. எஞ்சியது எங்கே? பக்கத்திலுள்ள நடைபாதையின் அடியில். 2.5 மீட்டர் அகல நடைபாதையின் கீழும் வேர் செல்ல வழிசெய்தால் மேலும் 25 கன மீட்டர் சேர்ந்து கணக்கு 45-ஐத் தொடும். மேலே மாந்தர் நடக்க, கீழே வேர் நடக்கலாம். ஒரே நிலம் இரு பயன் தரும்.

நடையையும் வேரையும் ஒருங்கே தாங்கும் நிலத்தை எவ்வாறு ஆக்குவது என்பதே இத்துறை அண்மைக்காலத்தில் கண்ட விடைகளுள் தலையாயது. அமெரிக்க நாட்டுக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நீனா பாசக்கும் அவர்தம் உடனாய்வாளரும் 1990-களில் உருவாக்கிய கலவையைச் சுமைதாங்கு மண் என்போம். விரலிடை அளவான உடைகல் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. களிசேர்ந்த மண் ஒரு பங்கு. கல்லில் மண் ஒட்டி நிற்கச் சிறிது பசைப்பொருள். உருளை உருட்டும்போது கல்லொடு கல் முட்டித் தாங்கி நிற்கிறது. சுமை கல்லின் வழியே இறங்குகிறது. கற்களுக்கு இடையிலுள்ள மண் நசுங்குவதில்லை. சாலையின் எடையும் வேரின் மூச்சும் ஒன்றையொன்று விலக்கும் என்று கருதப்பட்ட முரண், கற்களின் ஒழுங்கினால் தீர்ந்துவிடுகிறது. சுவீடனின் தலைநகரான இசுட்டாக்கோமில் இதே கருத்து வேறொரு வடிவம் பெற்றது. அங்கே 10 முதல் 15 சென்டிமீட்டர் வரையுள்ள பெருங்கற்களை முதலில் பரப்பி இறுக்கி, அவற்றின் இடுக்குகளில் மண்ணை நீரோடு இறக்கினர். பின்னாளில் மண்ணோடு மரக்கரியும் சேர்த்தனர். நடைபாதையில் விழும் மழைநீர் வடிகாலுக்கு ஓடுமுன் அக்கல்லடுக்கினுள் புகும்படி வாயில்களும் வைத்தனர். நடைபாதையின் அடியில் காற்றும் நீரும் உலவும் ஓர் அறையை எழுப்பி, அதனை வேருக்குக் குடியிருப்பாக்கினர் எனலாம். நம் நாட்டில் கருங்கல் உடைப்பு எங்கும் கிடைப்பது. இம்முறைக்கு வேண்டிய பொருள் எதுவும் கடல் கடந்து வரவேண்டியதில்லை.

மழைநீரை வேர்வெளிக்குள் விடுதல் நம் நிலத்துக்கு இரட்டைப் பயன் தரும். சென்னையில் ஓராண்டில் பெய்யும் மழையில் பாதிக்கு மேற்பட்டது வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் பொழிகிறது. அந்நாள்களில் தெரு ஆறாகிறது, சித்திரையில் அதே தெரு வெடிக்கிறது. கல்லிடைத் துளைகள் கொண்ட வேர்வெளி ஒவ்வொன்றும் ஒரு சிறு ஏரி. ஆனால் நீர் தேங்கி நின்றுவிட்டால் துளைகளில் வளி இராது, வேர் மூச்சடைத்து அழுகும். ஆகவே உள்வாயிலோடு அடியில் வடியும் வழியும் இருத்தல் வேண்டும். புகும் வழி மட்டும் வைத்துப் போகும் வழி வையாத அமைப்புகள் பலவற்றில் மரம் பட்டுப்போவதைக் கண்டிருக்கிறேன்.

இனி மேலே நோக்குவோம். மரம் குளிர்ச்சி தருவது இரு வகையால். ஒன்று நிழல்: கதிரவன் ஒளி தார்ச்சாலையில் விழுந்து வெப்பமாகுமுன் இலை அதனைத் தடுக்கிறது. மற்றொன்று இலைத்துளை வழி நீர் ஆவியாதல். ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறக்குறைய 2.45 மெகாசூல் வெப்பத்தை உள்வாங்குகிறது; இதுவே உள்ளுறை வெப்பம். மண்ணில் நீர் நிறைந்துள்ளபோது ஒரு பெருமரம் ஒரு நாளில் 100 இலிட்டர் நீரை ஆவியாக்குவதாகக் கொண்டால், அது தெருவிலிருந்து கவரும் வெப்பம் 245 மெகாசூல். அதாவது 68 கிலோவாட்டு-மணி. வீடுகளில் உள்ள ஒரு டன் குளிர்பொறி பத்தொன்பது மணி நேரம் இடைவிடாது இயங்கி அகற்றும் வெப்பம் அது. ஆனால் குளிர்பொறி உள்ளறையின் வெப்பத்தைத் தெருவில் கொட்டுகிறது. மரம் அதனை எவர் தலையிலும் கொட்டுவதில்லை. கடலோர நகர்களில் காற்றின் ஈரம் மிகுவதால் ஆவியாதல் குறைந்து நிற்கும். அங்கே நிழலின் பங்கே பெரிது என்பதையும் உடன் கருதவேண்டும். வேர்வெளி வற்றிய மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும் ஆதலின், மேலே கிடைக்கும் குளிர்ச்சியும் கீழே ஒதுக்கிய மண்ணைப் பொறுத்ததே.

நிழல் எங்கே விழும் என்பது வானியல் தரும் விடை. சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் உள்ளது. ஆண்டில் இருமுறை, சித்திரையிலும் ஆவணித் தொடக்கத்திலும், உச்சிப்பொழுதில் கதிரவன் நேர் தலைக்குமேல் நிற்கும். கடுங்கோடையின் நண்பகலில் நிழல் மரத்தடியிலேயே விழுமாதலால், நடைபாதை கவிகையின் நேர்கீழே அமைய வேண்டும். நான்கு மீட்டர் தள்ளிச் சாலையின் நடுத்திட்டில் நிற்கும் மரம் நடப்பவனுக்கு உதவாது. கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் கதிரவன் தெருவின் நீளத்திலேயே பயணம் செய்வதால் சுவர்களின் நிழல் தெருவுக்கு எட்டாது. அங்கே இருபுறமும் கவிகைகள் தொட்டு நிற்கும்படி நெருங்க நடுதல் வேண்டும். வடக்கு தெற்காக ஓடும் தெருவில் காலையும் மாலையும் வீடுகளே ஓரளவு நிழல் தரும். அங்கு ஒரு வரிசைக்கு மட்டுமே இடம் உண்டெனில், மாலை வெயில் அறையும் கிழக்குப் பக்கத்து வீடுகளின் முன் அதனை நிறுத்துவதே அறிவுடைமை. எல்லாத் தெருவுக்கும் ஒரே குறுக்குவெட்டை அச்சடித்து ஒட்டும் வழக்கம் கதிரவனை மறந்த வழக்கம்.

உயர்ந்த மாடிகள் இருபுறமும் நெருங்கிய குறுந்தெருவுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. அடர்ந்த கவிகை அங்கே மூடிபோல் அமைந்து ஊர்திப் புகையைக் கீழே தேக்கிவிடும். அத்தகைய இடத்தில் இலை அடர்த்தி குறைந்த, கிளை உயர்ந்த மரங்களே ஏற்றவை.

மரம் வீழ்வதும் கணக்கில் அடங்கியதே. காற்றின் விசை அதன் விரைவின் இருபடிக்கு ஏற்ப உயரும்: மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று 120 ஆகும்போது கவிகையின்மேல் விசை நான்கு மடங்காகிறது. அவ்விசை தண்டின் நீளத்தையே நெம்புகோலாகக் கொண்டு வேரடியைப் புரட்டுகிறது. எதிர்நிற்பன பக்கவேர்களும் அவற்றின்மேல் அமர்ந்த மண்ணின் எடையும். 2016 திசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. வெளிநாட்டிலிருந்து வந்து விரைந்து வளரும் செம்மயிற்கொன்றை போன்றவை அவற்றுள் மிகுதி என்பதால், நாட்டு மரங்களையே நடுக என்ற குரல் எழுந்தது. அக்குரல் நன்று, ஆனால் அது பாதி விடையே. குழாய்க்கும் கம்பிவடத்துக்கும் என்று ஆண்டுதோறும் தோண்டப்படும் பள்ளம், மரத்தின் ஒரு பக்கத்து வேர்களை முற்றிலும் அறுத்துவிடுகிறது. ஒரு பக்கம் வேரற்ற புங்கும் சாயும், வேம்பும் சாயும். ஆகையால் நிலத்தடிக் குழாய்களும் வடங்களும் ஊர்திவழியின் ஓரத்தில் திறந்து மூடத்தக்க ஒரே பொதுத்தடத்தில் செல்லவேண்டும் என்பதும், வேர்வெளியில் தோண்டல் கூடாது என்பதும் மர நடுகையின் முதற்கட்டளைகள் ஆகின்றன.

தெருமரத்துக்கு இடம் ஒதுக்குவதைச் சட்டமாக்கி நிலைநிறுத்திய நகர்நாடு சிங்கப்பூர். தமிழையும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட அந்நாட்டில், 1963 சூன் 16 அன்று தலைமையமைச்சர் இலீ குவான் இயூ ஒரு மெம்பாட்டு மரத்தை நட்டு மர நடுகை இயக்கத்தைத் தொடங்கினார். 1967-இல் தோட்ட நகர் எனும் நோக்கம் அறிவிக்கப்பட்டது. 1975-இல் பூங்காக்களுக்கும் மரங்களுக்கும் எனத் தனிச்சட்டம் வந்தது. விரைந்து நிழல் வேண்டிய தொடக்க ஆண்டுகளில், நம் வேங்கையின் உடன்பிறப்பான அங்சானா மரத்தின் பெருங்கிளைகளையே வெட்டி ஊன்றி வேர்விடச் செய்தனர். சில ஆண்டுகளிலேயே தெருக்கள் பசுமையாயின. ஆயினும் அவ்வினம் வாடல் நோய்க்கு ஆட்படக் கூடியது என்பது தெளிந்தபின், பல இனங்களைக் கலந்து நடும் நெறிக்குத் திரும்பினர். அந்நாட்டின் புது நகர்களில் வீட்டுத் தொகுதி எழுமுன்னரே சாலையின் குறுக்குவெட்டில் மண்பட்டை இடம்பெறுகிறது. மரம் வளர்ந்தபின் கட்டடம் அதனை நெருங்குவதில்லை. 2018-இல் ஐந்நூறாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களை ஒவ்வொன்றாகக் குறித்த வரைபடத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தனர். எண்ணப்பட்ட மரத்தையே ஒருவர் காக்க முடியும்.

இனக்கலப்பு எவ்வளவு வேண்டும் என்பதற்கும் அளவுகோல் உண்டு. அமெரிக்க மரவியலார் பிராங்கு சாந்தமூர் 1990-இல் முன்மொழிந்தபடி, ஒரு நகரின் மரங்களில் ஒரே சிற்றினம் 10 விழுக்காட்டையும், ஒரே பேரினம் 20 விழுக்காட்டையும், ஒரே குடும்பம் 30 விழுக்காட்டையும் தாண்டலாகாது. எல்ம் எனும் ஒரே மரத்தை வரிசையாக நட்ட ஐரோப்பிய, அமெரிக்க நகர்கள் சென்ற நூற்றாண்டில் ஒரு பூஞ்சை நோய்க்குத் தம் தெருநிழலை இழந்த பட்டறிவே இந்நெறிக்கு அடிப்படை. நம் தென்னாட்டிலும் வேம்புகளின் நுனி கருகும் நோய் பல இடங்களில் தோன்றியது. வேம்பை விரும்புவோர் வேம்பை மட்டும் நடாதிருத்தலே அதனைக் காக்கும் வழி. சண்டிகர் போல் ஒரு தெருவுக்கு ஒரு மரம் எனும் அழகு வேண்டுமாயின், அடுத்தடுத்த தெருக்களில் குடும்பமே மாறுபடும் மரங்களை வைத்து அழகையும் காப்பையும் ஒருங்கே பெறலாம்.

தமிழ்நாட்டின் புறநகர் மனைப்பிரிவுகளில் நடப்பதை இவ்வொழுங்கோடு ஒப்பிட்டுக் காண்க. ஏரிப்பாசன வயலாயிருந்த நிலத்தின்மேல் கட்டட இடிபாடும் கிராவலும் கொட்டி மேடாக்குவர், மனைக்கல் நடுவர், எல்லை முதல் எல்லைவரை தார் போடுவர். பெரிய மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு நிலம் திறந்தவெளியாக ஒதுக்கப்படுகிறது. ஆனால் அது ஒரு மூலையில் வேலியிட்டுக் கிடக்கும். பள்ளிக்கு நடக்கும் குழந்தையின் தலைமேல் நிழல் தருவது மூலையிலுள்ள பூங்கா அன்று. நெதர்லாந்து நாட்டுச் செசில் கோனைனன்டைக் 2021-இல் வகுத்த 3-30-300 எனும் நெறி இதனைத் தெளிவாக்குகிறது: ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூன்று மரங்கள் கண்ணுக்குத் தெரிதல் வேண்டும், ஒவ்வொரு வட்டாரத்திலும் 30 விழுக்காடு கவிகை மூடுதல் வேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா இருத்தல் வேண்டும். நம் மனைப்பிரிவுகள் மூன்றாவதை மட்டும் ஒருவாறு நிறைவேற்றிவிட்டு மனநிறைவு கொள்கின்றன.

குடியேறியவர்கள் பின்னர்த் தம் வீட்டு வாயிலில் நடும் கன்றை அருகிருந்து பார்ப்போம். கடப்பாரை ஒன்றரை அடி இறங்கியதும் செங்கல் துண்டில் முட்டித் தெறிக்கும். அதோடு குழி போதும் என்று நிறுத்துவர். நாற்றுப்பண்ணையிலிருந்து வந்த கன்றின் நெகிழிப்பையைக் கிழித்தால், உள்ளே வேர்கள் பையின் சுவரையொட்டி வட்டம் வட்டமாகச் சுற்றியிருக்கும். அப்படியே நட்டால் அச்சுருள் நிலத்தினுள்ளும் சுருளாகவே தடித்து, பத்தாண்டுக்குப் பின் தண்டையே நெரிக்கும். கூர்ங்கத்தியால் வேர்க்கட்டியின் பக்கங்களில் மேலிருந்து கீழாக நான்கு கீறல் இட்டுச் சுருளை அறுக்க வேண்டும். புதுவேர் வெளிநோக்கிப் புறப்படும். தண்டு அகன்று வேராகப் பிரியும் வேர்க்கழுத்து நிலமட்டத்துக்கு மேலே தெரியவேண்டும். ஆழப் புதைத்த கன்று மெல்ல அழுகும். ஊன்றுகோலில் கட்டும் கயிறு கன்றைச் சிறிது ஆட விட வேண்டும், ஆடும் தண்டே தடிக்கும். அக்கயிற்றை ஓராண்டில் அவிழ்க்க மறப்பதால் கழுத்தில் வடுவோடு நிற்கும் மரங்கள் நம் தெருக்களில் எத்தனையோ! கன்றைச் சுற்றி அகலமாகச் சருகு பரப்பவேண்டும், கற்காரை பூசலாகாது. தில்லி நகர மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கற்காரையை அகற்றுமாறு 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட நேர்ந்தது என்பதே, இக்குறை எவ்வளவு பரவியது என்பதைக் காட்டும்.

கன்றின் வயதிலும் ஒரு செய்தி உண்டு. தெருவுக்கு ஏற்ற கன்று ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, கீழ்க்கிளை ஒழிந்து, ஒரே நேர்த்தண்டாக இருத்தல் வேண்டும்; நடைபாதைக்கு மேல் 2.5 மீட்டரும் பேருந்து செல்லும் வழிக்கு மேல் 5 மீட்டருக்குக் குறையாமலும் வெற்றிடம் விடும் கிளையமைப்பு, இளமையில் ஆண்டுதோறும் செய்யும் சிறு கழிப்பினால் வருவது. முதிர்ந்தபின் கோடரியால் வருவதன்று. அத்தகைய கன்றை ஆக்க நாற்றுப்பண்ணைக்கு மூன்று நான்கு ஆண்டு வேண்டும். ஒரு புதுநகர்ப் பகுதியில் நிலம் அளப்பதிலிருந்து தெரு முடிவதுவரை ஆகும் காலமும் ஏறத்தாழ அதுவே. எனவே நில அளவைக்காரர் முதல் கல்லை ஊன்றும் அதே திங்களில் நாற்றுப்பண்ணைக்கு இன்ன இனம், இத்தனை கன்று என்ற பட்டியல் போய்ச் சேர வேண்டும். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் வழங்கும் அலுவலகம் ஒவ்வொரு தெருவின் குறுக்குவெட்டிலும் மண்பட்டையின் அகலம், வேர்வெளியின் கன அளவு, குழாய்த்தடத்தின் இடம் ஆகிய மூன்றையும் எண்ணால் எழுதிக் கேட்க வேண்டும். தெருவின் கடைசிப் பணியாகத் தார் ஊற்றிய பின் வரும் ஐப்பசியில், முதல் மழையோடு கன்றுகள் நிலத்தில் இறங்க வேண்டும். அப்போது அடுத்த பங்குனி வெயில் வருமுன் வேர் தன் குழியைத் தாண்டியிருக்கும்.